துரை வண்டிக்குப் பின்னால் ஒரு மைல்

யுத்த காலத்தில் திருத்தணியில் அரிசிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். இலாகாக்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அவற்றில் ஒன்று ஓட்டப் பரிசோதனை இலாகா. ஒருவன் ஓடினான் என்று ஊர் சொன்னால் போதாது, இலாகா சொல்ல வேண்டும்.

மிஷன் பள்ளி வாத்தியார் பிரபுதாஸின் மகன் யோபு, மைல் ஓட்டத்தில் ஜில்லா ரிக்கார்டை முறித்தவன். கனகம்மாசத்திரம் ரோட்டில், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸையே முந்தினவன். அதைத் தள்ளுகிறவர்களே முந்துவார்களே என்பீர்கள். இவன் முந்தினது இறக்கத்தில் ஐயா! சென்னைப் பந்தயத்தில் ஓடவேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தான். அதற்கு இலாகா சர்டிபிகேட் வேண்டும்.

பரிசோதனை அதிகாரி ஷண்முகசுந்தரம் மகா கண்டிப்பானவர்.

"நீ ஓடுவதை ஆதியோடந்தமாக நான் நேரில் பார்த்தாக வேண்டும். ஆகவே நானும் கூட வருவேன்" என்றார்.

பெட்ரோல் ஏது? மாட்டு வண்டி வந்தது. யோபு அதற்கு முன்னால் போய் நின்றதும் அதிகாரியின் டபேதார் நாகேந்திரன் பதறிப்போனான்.

"அடப்பாவி! துரை வண்டிக்கு முன்னாடி எவனாவது போவானா? பின்னாடி வாடா!"

"அண்ணே, மாடு மேஞ்சிகினு போவுதே, நான் எப்பிடி ஓடுறது?"

"அது மாட்டோட இஷ்டம்."

அதிகாரி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, குடை பிடித்தபடி கண் கொட்டாமல் பரிசோதித்தார். காவடி எடுத்த கிழவர்கள்கூட, சாமி காரியம் என்று விலக்குப் பெற்று, யோபுவை முந்திப் போனார்கள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. சென்னையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சர்டிபிகேட் கிடைத்தது: 'மேற்படியார் யாதொரு அவசரமுமின்றி, திருப்திகரமாக ஓடினார்.'

சென்னை மைதானத்தில் துப்பாக்கி வெடித்தது. ஒருவரும் அசையவில்லை. அத்தனை ஜில்லா வீரர்களும் இலாகாவில் தேறினவர்கள் அல்லவா? எல்லார் கண்ணும் வண்டியைத் தேடியது.

யோபுவின் கால் துறுதுறுத்தது. இப்போது ஓடினால் ரிக்கார்டு அவனுடையது. பக்கத்து வீரனைப் பார்த்தான்.

"ஏம்பா, போலாமா?"

"ஆங், நீங்க மொதல்ல போங்க."

"சேச்சே, நீங்க போங்க."

நல்லவேளையாக, பந்தயத்தைப் பார்வையிட வந்திருந்த இலாகாவின் தலைமை அதிகாரிக்குப் பசி எடுத்தது. தொப்பையைத் தடவிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே சாப்பாட்டுக்கு நடந்தார். அவ்வளவுதான்! வீரர்கள் அவருக்குப் பின்னால் பாய்ந்தார்கள். யோபு வாழ்நாள் வேகம் முழுவதையும் காட்டி, அத்தனை பேரையும் முந்தி, அவர் முதுகுக்குப் பின்னால் வந்து சடக்கென்று நின்றான். எல்லைக் கோட்டை அவர் முதலில் தாண்டினார். தங்கப் பதக்கம் அவருக்கு.

திருத்தணி ஸ்டேஷனில் ஊரே மாலையோடு காத்திருந்தது. "நம்ம புள்ள பெரிய துரைக்கு அடுத்தாப்ல வந்துட்டான்!" என்று நாகேந்திரன் கூவினான். ஒரே கைதட்டல்.

பிரபுதாஸ் மட்டும் மகனை நெருங்கி, "ஏண்டா, அந்தத் தொப்பையை உன்னால முந்த முடியலையா?" என்று கேட்டார்.

கைதட்டல் நின்றது. ஊர் முழுவதும் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தது. வாத்தியாரும் மெல்லக் கைதட்ட ஆரம்பித்தார்.