மேலேருந்து அங்கிளும் சிவக்காத தோட்டமும்

மச்சான், நீங்கள் பொய் சொன்னீர்கள். பூச்சோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரமெல்லாம் செத்துவிட்டது என்று ஊரைக் கூட்டிப் படம் போட்டுக் காட்டினீர்கள். ஒரு மரமும் சாகவில்லை. அது உங்களுக்குத் தெரியும். குடும்பத்துக்குள் பேசிப் பார்த்தேன். அக்காள் அழுதாள், நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மச்சான் என்பவர் என் அக்காள் கணவர். வீடு கட்டி விற்கும் கம்பெனியில் நிலம் பார்க்கும் அதிகாரி. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் இன்னொருவர். கூட வருகிறவனை நடுரோட்டில் கூனிக் குறுக வைப்பதில், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சலித்துத் தேடினாலும் அவருக்கு நிகராக ஒரு ஆள் கிடைக்க மாட்டார். அவர் பெயர் எனக்கே மறந்துவிட்டது. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் 'மேலேருந்து அங்கிள்'.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுத்த படங்களை வாங்கி, எது காடு, எது சதுப்பு, எந்த ஆற்றில் சேறு என்று வரைபடம் செய்து கொடுப்போம். படத்தைப் படிப்பவர் அங்கிள். அவர் காட்டிய இடத்தில் கோடு போடுபவன் நான். அங்கிள் சிலோன் வம்சம், இங்கேயே ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். எதையும் தலைக்கு மேலேயிருந்து பார்த்தால்தான் அவருக்குப் புரியும். நேருக்கு நேர் நின்று பேசினால் என் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது, உச்சந்தலைச் சுழி ஞாபகம் இருக்கும்.

மத்தியானம் வாழையிலைச் சோறு. இலையில் சோறு விழுந்ததும் அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறி நிற்பார்.

"மேலேயிருந்து பாரும். சோறு மலை. கீரை காடு. இப்ப நான் காட்டை வெட்டுறன்." குனிந்து கீரையை வழித்து வாயில் போட்டுக்கொள்வார். "தம்பி, சாம்பாரை ஊத்தும்!"

பரிமாறுகிறவர் வாளியோடு அண்ணாந்து பார்ப்பார். "பாஸ், உக்காருங்க லா. ஊத்துறேன்."

"மழை என்ன, ஆள் உக்காரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்குமோ? ஊத்தும்!"

ஊற்றுவார். சோற்று மலை சரியும். சாம்பார் பருக்கைகளை அள்ளிக்கொண்டு பக்கத்து இலைக்கு ஓடும். அங்கிள் கை தட்டுவார். "கண்டீரோ? செராஸில மலையை வெட்டினால் கிள்ளான் ஆறு கலங்கும். எந்த மலை, எந்த ஓடை எண்டு ஆகாயத்திலயிருந்து சொல்லலாம்."

பக்கத்து இலைக்காரர் சொல்வார்: "அங்கிள், ஒங்க ஆறு என் அப்பளத்துக்கு வந்துருச்சு."

நான் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன். அந்தக் கடையின் மேசைக் கால்கள் அத்தனையும் எனக்கு அத்துப்படி.

வெளியே அழைத்துப் போனால் இன்னும் மோசம். காரணம் அவருடைய படங்களின் நிறம். உயிருள்ள இலை, நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைத் திருப்பி அனுப்புமாம். செயற்கைக்கோள் அதைப் பிடித்துவிடும். நாம் பார்க்க வேண்டுமே, அதற்காகப் படத்தில் அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுப்பார்கள். செழித்த காடு ரத்தச் சிவப்பாக இருக்கும். இலையில்லாத நிலம் வெளிறிக் கிடக்கும். தெளிந்த தண்ணீர் கறுப்பு, சேற்றுத் தண்ணீர் இளநீலம். வருஷக்கணக்கில் இதையே பார்த்த மனுஷன் பாசாரில் கீரைக்கட்டைத் தூக்கி, "நல்ல சிவப்பு!" என்பார். காய்கறி விற்கும் ஆன்டி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அங்கிளைக் கண்ணு டாக்டருகிட்ட காட்டலியா?"

கிள்ளானில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என் மச்சானின் தம்பி. அங்கிளைக் கூட்டிக்கொண்டு போனது என் கெட்ட நேரம். மண்டபத்து மாடி வராந்தாவில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளையின்ர உச்சியில காடழிப்புத் தொடங்கிட்டுது! இன்னும் ரெண்டு வருஷத்தில தரிசு!" என்றார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியது சரியாக அந்த நிமிஷம். மண்டபமே அண்ணாந்தது. மாப்பிள்ளை தலையைத் தடவினார். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாப்பிடாமலே கிளம்பினேன்.

ஆனால் வேலையில் அவர் விளையாடியதில்லை. மேலேயிருந்து பார்த்ததைக் காலால் மிதித்துச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். படத்தில் ஆறு இளநீலமாகத் தெரிந்தால் சம்பான் படகு பிடித்துப் போய் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவார். அதை ஆபீஸ் ஐஸ்பெட்டியில் தே தாரிக் டீ பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைப்பார். கணக்கர் ஒருநாள் மூடியைத் திறந்து வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "குடியாதையும், அது செராஸ் மலை!" என்று அங்கிள் போட்ட சத்தம் கீழே பூக்கடைக்குக் கேட்டது. ஜெஞ்சாரோம் பக்கம், மண்ணே தீப்பிடித்து எரியும் கரிமண் நிலத்தில் புகை கிளம்பினால், படத்தில் புள்ளி குறித்துக்கொண்டு போய், சூடான மண்ணில் நின்று செருப்பு உருகிப்போய்த் திரும்பி வந்தார்.

மிதிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு படத்துக்கு. பூச்சோங் தோட்டத்துப் படம். கொண்டுவந்தவர் மச்சான். அந்தத் தோட்டத்தை வாங்கி வீடு கட்ட அவர் கம்பெனி மனுப் போட்டிருந்தது. மரங்கள் உயிரோடு பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அனுமதி லேசில் கிடைக்காது. செத்த தோட்டம் என்றால் கிடைக்கும். கிடைத்தால் லயத்துச் சனங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள், வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதில் ஒன்றையும் மச்சான் அங்கிளிடம் சொல்லவில்லை. "அவசரம் லா அங்கிள், தோட்டத்து கேட்டைத் திறக்க மாட்டானுங்க, படத்தை மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். அங்கிள் பார்த்தார். சுற்றிலும் சிவப்பு, நடுவே தோட்டம் வெளிறிக் கிடந்தது. மரங்கள் இறந்துவிட்டன என்று எழுதிக் கொடுத்தார்.

நான் அப்போது மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினேன். நகல் மேசையில் கிடந்தது.

"எந்த மாசத்துப் படம் அங்கிள்?"

"பெப்ரவரி. ஒரு முகில் இல்லை. கண்ணாடி மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கிள், அந்த மாசம் ரப்பர் மரம் மொட்டையாத்தான் நிக்கும். வெயில் காலத்துல இலையெல்லாம் கொட்டிட்டு, அப்புறம் துளிர்க்கும். வருஷா வருஷம் இதான்."

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். நான் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். காய்ந்த சருகுமேல் சறுக்கி விளையாடி முட்டி பெயர்ந்தவன். வானம் தெளிவாக இருக்கும் காலமும் மரம் இலை கொட்டும் காலமும் ஒன்றாகவே வரும். நல்ல படம் வேண்டும் என்று தேடுகிறவனுக்கு மொட்டை மரம்தான் மாட்டும். ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைக்கு அது தெரியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் என்னை முறைத்திருப்பார்கள். அங்கிள் எழுந்து நின்றார். "பிழை! என்ர பிழை!" என்று ஆபீஸ் முழுக்க நடந்து ஒவ்வொரு மேசையிலும் சொன்னார். டெலிபோனில் எண் தவறிக் கூப்பிட்ட ஒரு சீனரிடமும் சொன்னார். அன்றைக்கே தோட்டத்துக்குப் போனோம். கேட் திறந்தே கிடந்தது. நிரை நிரையாக மரங்கள், எல்லாம் புது இலை. அங்கிள் ஓடிப்போய் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்தார். மரத்தில் கட்டியிருந்த கப்பின் ரப்பர் பால் சட்டையில் கொட்டியது.

பாலெடுக்க மரம் சீவிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைக் கேட்டார்: "யாரு தம்பி இது? பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போயிட்டாங்களா?"

நான் வெட்கத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கிள் அந்த அக்காவைக் கும்பிட்டார். "அம்மா, உங்கட மரத்தையெல்லாம் நான் சாகடிச்சுப் போட்டன். மன்னியுங்கோ."

"சரிங்க ஐயா. சாப்டீங்களா?" என்றார் அவர்.

பிறகு தேடி அலைந்து முகில் விலகிய வேறொரு மாதத்துப் படத்தை அங்கிள் பிடித்தார். தோட்டம் முழுக்க ரத்தச் சிவப்பு. அதோடு முதல் அறிக்கை தவறு என்று எழுதி, என்னையும் இழுத்துக்கொண்டு போய் மச்சான் கையிலேயே கொடுத்தார். "தேங்க்ஸ் லா அங்கிள், நான் பாத்துக்கிறேன்" என்று மச்சான் மேசை இழுப்பறையில் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். என் கண்ணால் பார்த்தேன்.

மனுவை விசாரிக்கத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கூட்டம். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் லயத்துச் சனம். மச்சான் விளக்கை அணைத்துச் சுவரில் படம் போட்டார். வெளிறிய படம். பெப்ரவரிப் படம்.

"மரமெல்லாம் செத்துருச்சு. நான் சொல்லல, சேட்டலைட் சொல்லுது."

இருட்டில் அங்கிள் பெஞ்சுமேல் ஏறினார். "அது என்ர பிழை! இலை கொட்டின காலத்துப் படம்! மற்றப் படத்தைப் போடும்!"

"பெரியவரே, இதுல இருக்கிற கையெழுத்து ஒங்களோடதுதானே?"

"ஓம், என்ரதுதான்! அதுதானே பிழை எண்டு சொல்லுறன்!"

"அன்னைக்குத் தப்பாப் பாத்தவரு இன்னைக்குச் சரியாப் பாப்பீங்கன்னு எப்படி லா நம்புறது?"

அதிகாரிகள் சிரித்தார்கள். நான் எழுந்தேன். "மச்சான், ரப்பர் மரம் இலை கொட்டும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆபீஸ்காரன்."

லயத்துச் சனம் சிரிக்கவில்லை. அன்றைக்கு அங்கிளிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்ட அதே அக்கா எழுந்தார். குரலை உயர்த்தக்கூட இல்லை. "தம்பி, ஒங்கம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில மரம் சீவுனோம். நீங்க அந்தக் கடைசி லயத்துல பொறந்த புள்ள."

மச்சான் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அங்கிளோடு சுற்றிய நாளெல்லாம் நான் பட்ட வெட்கத்தை ஒரு தட்டில் போடுங்கள். அந்த ஒரு நிமிஷத்தில் பட்டது மறுதட்டில் தரையைத் தொடும். என் வீட்டில் பெண் எடுத்தவர். பிறந்த தோட்டத்தில் நின்றுகொண்டு, பெற்ற தாய் பெருக்கிய சருகைத் தெரியாது என்று சொன்னார்.

அனுமதி கிடைத்தது. மரங்களை இயந்திரம் வைத்துச் சாய்த்தார்கள். செத்த மரங்கள் என்றார்களே, அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் பால் வடிந்து மண் வெள்ளையாகக் கிடந்தது. லயத்துச் சனம் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு மூலைக்கொருவராகப் போனார்கள். அடுத்த மழைக்குக் கீழே ஓடை செம்மண்ணாக வந்தது. ஆபீஸில் அங்கிளை வீட்டுக்கு அனுப்பினார்கள். தப்பாகப் படம் பார்க்கிறவரை வைத்துக்கொண்டு யாவாரம் செய்ய முடியாதாம்.

இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஞாயிற்றுக்கிழமை நான் போய் இந்தப் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். யாராவது பேச்சுவாக்கில் பூச்சோங் என்று சொன்னால் போதும், உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்தத் தோட்டம் போனது என்ர பிழையால" என்கிறார். வீட்டுக்கு வந்த தபால்காரரிடமும் சொல்லியிருக்கிறார். மகள் என்னைப் பார்ப்பாள். நான் தரையைப் பார்ப்பேன்.

அது அவர் பிழை இல்லை, மச்சான். அவர் தெரியாமல் செய்ததைத் தெரிந்த உடனே ஊருக்குச் சொல்லிவிட்டார். தெரிந்தே செய்தவர் நீங்கள். இழுப்பறையில் போட்ட அந்தச் சிவப்புப் படம் எங்கே? இலை கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? என்னிடம் சொல்ல வேண்டாம், அக்காளிடமும் சொல்ல வேண்டாம். இதே பத்திரிகையில் உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அதை நான் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.