வெற்றிடத்தின் மேன்மை குறித்து ஒரு நெடும் பேருரை

மௌனத்தின் மகத்துவத்தைப் பற்றி மூச்சுவிடாமல் முக்கால் மணி நேரம் பேசவல்ல மகான் இப்பூவுலகில் ஒருவரே உண்டு. அவர் சீமையில், ரெய்னர்ஸ் லேன் என்ற இடத்தில், ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கிறார். பெயர் கிறிஸ்துராஜா. தமிழ்க் கலை பண்பாட்டு மேம்பாட்டுப் பேரவையின் ஆயுட்காலத் தலைவர். பக்கத்துத் தெருவில் இயங்கும் தமிழ்ப் பண்பாட்டுக் கலை மேம்பாட்டுப் பேரவையோடு இதை வாசகர்கள் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கோபித்துக்கொண்டு பிரிந்து போனவர்களுடையது.

இந்த ஆண்டுப் பல்லினப் பண்பாட்டு விழாவில் ஜப்பானியக் கலைகளை "வாழவைப்பது" என்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏன் ஜப்பான் என்று சிலர் கேட்கலாம். பிரிந்து போனவர்கள் போன ஆண்டே சீனாவை வாழவைத்துவிட்டார்கள்; வேறு வழியில்லை.

தலைவரின் மகள் மேனுஷா, நொசாக்கி என்ற ஜப்பானிய அம்மையாரிடம் சனிக்கிழமைதோறும் இக்கெபானா பயின்று வந்தாள். இக்கெபானா என்பது ஜப்பானியர் பூ வைக்கும் கலை. சனிக்கிழமைதோறும் தலைவருக்குச் செயற்குழுக் கூட்டம். ஆகவே மகளின் கலை வளர்ந்த விதம் அவருக்குச் செவிவழிச் செய்தியாகவே கிடைத்து வந்தது.

"அப்பா, விழாவில எனக்குப் பதினைஞ்சு நிமிஷம் தந்தாக் காணும்" என்றாள் மேனுஷா. "மேடையில நான் பூ வைக்க, நீங்கள் முன்னுக்கு இருந்து பார்க்கவேணும். ரீச்சரும் வாறா."

"பதினைஞ்சு என்ன பிள்ளை, அரை மணித்தியாலம் எடு! உன்ர அப்பன்ர விழாவெல்லே!"

"அரை மணித்தியாலம் வேண்டாம். பதினைஞ்சு. ப்ரொமிஸ்?"

"ப்ரொமிஸ்."

செயற்குழுவின் அங்கீகாரம் பெறாமல் தலைவர் அளித்த ஒரே வாக்குறுதி அதுதான். மகள் அதை நம்பினாள்.

இரண்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட விழா நாலு மணிக்கே தொடங்கிவிட்டது. ஆறரைக்கு லைற்றை நிறுத்திக் கதவைப் பூட்டுவேன் என்று ஹோல் பொறுப்பாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்த மனுசனுக்குக் கலை எங்கே விளங்கப்போகிறது! குத்துவிளக்குக்குத் திரி ஐந்து, பிரமுகர்களோ பதினொருவர். திரிக்கு இருவராகக் கைபிடித்து ஏற்றினார்கள். மிஞ்சியவர் ஊதுபத்தி கொளுத்தி மனம் ஆறினார். பிறகு வரவேற்பு நடனம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் ஒழுங்காக நடந்தன.

பின்பக்கத்தில் ஜப்பானிய மேசைகளை மகளிர் அணித் தலைவி இம்மாகுலேற் தாயன்போடு கவனித்துக்கொண்டார். மாதா கோயில் பீடத்துக்கு ஞாயிறுதோறும் பூச்சோடனை செய்பவர் அவர். தேநீர்ச் சடங்குக்கென்று கலக்கி வைத்திருந்த பச்சைத் தேநீரை ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "ஐயோ, பாவங்கள்! பாலுக்கும் வழியில்லைப் போல" என்று பால்மாவும் சீனியும் போட்டு ஆற்றிக் கொடுத்தார். ஒரிகாமி மடிக்க வந்த வண்ணத் தாள்களில் ரோல்ஸ் பரிமாறப்பட்டது. தூரிகை எழுத்துக்கு வந்த கறுப்பு மையினால் "முன்வரிசை பிரமுகர்களுக்கு மட்டும்" என்ற அரிய வாசகம் தீட்டப்பட்டது. அதை எழுதியவருக்குக் கையெழுத்து நல்ல கையெழுத்து.

இந்த வேளையில்தான் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! ஜப்பானியர் பூவைப் பார்ப்பதில்லை. பூவுக்கும் பூவுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தையே பார்க்கிறார்கள்! ஒரு சொல் பேசுமுன் பத்துத் தடவை யோசிக்கிறார்கள்! நாங்களும் அந்த அமைதியைக் கற்றுக்கொள்ள வேண்டாமா?"

ஊருக்கடி உபதேசம், உனக்கல்லடி என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது கலையறிவில்லாத பேச்சு, அதை விட்டுவிடுவோம். மேடையோரத்தில் மேனுஷா ஒரு வாளியோடு நின்றாள். வாளிக்குள் ஒரு கிளையும் மூன்று பூவும். அவள் கைமணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினாள். தலைவர் பூரித்துப்போனார். நேரம் போவதே தெரியவில்லை என்று பிள்ளை பாராட்டுகிறாள் அல்லவா? உற்சாகத்தில் வெற்றிடத்தின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார். "சுருக்கமாகச் சொல்லப்போனால்" என்று அவர் சொன்னதும் அனுபவசாலிகள் எழுந்து இன்னொரு ரோல்ஸ் எடுக்கப் போனார்கள்.

அடுத்தது கௌரவிப்பு. நொசாக்கி அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்தி, "பூங்கலைப் பேரரசி" என்ற பட்டமும் வழங்கப்பட்டது. அம்மையார் குனிந்து வணங்கினார். தலைவரும் குனிந்தார். அம்மையார் இன்னும் சற்றுக் குனிந்தார். பணிவில் தமிழன் தோற்பதா? தலைவர் வளையக்கூடிய மட்டும் வளைந்தார். நிமிர்த்துவதற்குச் செயற்குழு உறுப்பினர்கள் இருவர் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது.

பொன்னாடைகள் இன்னும் ஒரு பெட்டி இருந்தன. மேனுஷா பெட்டியைப் பார்த்தாள், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். தனக்கு நேரம் வராது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மேடையோரத்துச் சின்ன மேசைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். கிளையைச் சாய்த்து ஊன்றினாள். ஒரு பூவை உயரமாக, மற்ற இரண்டையும் தணிவாக வைத்தாள். மிச்ச இடத்தை வெறுமையாக விட்டாள். நொசாக்கி அம்மையார் பொன்னாடையும் தோளுமாக வந்து பக்கத்தில் நின்று, கடைசிப் பூ வரைக்கும் பார்த்தார். பிறகு மேனுஷா வாளியைக் கழுவப் போனாள்.

அந்தப் பக்கமாக வந்த இம்மாகுலேற்றுக்கு நெஞ்சு பதறியது. "ஐயையோ, பிள்ளைக்குப் பூப் போதாமப் போச்சே! சபையில குறையாத் தெரியப்படாது!" பீடத்துக்கு வாங்கி மிஞ்சிய கார்னேஷன், ஒரு கட்டுப் பச்சை இலை, மாலைகளிலிருந்து உதிர்ந்த ரோசா எல்லாவற்றையும் விரல் நுழைய இடமில்லாதபடி செருகி, வெள்ளி ரிப்பனால் இறுக்கிக் கட்டினார். பீடத்தில் வைத்திருந்தால் பாதிரியாரே மெச்சியிருப்பார்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

"ஆகா! இதுதான் ஜப்பான்!" என்று ஒலிவாங்கியில் முழங்கினார். "என் மகளின் கைவண்ணம்! சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!"

சபை கைதட்டியது. வாளியோடு திரும்பி வந்த மேனுஷாவை இழுத்து நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதோடு லைற் நின்றது.

கார் நிறுத்துமிடத்தில் நொசாக்கி அம்மையார் மேனுஷாவின் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதிலைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். தலைவர் குத்துவிளக்கைக் காரில் ஏற்றிவிட்டு ஓடிவந்தார்.

"ரீச்சர் என்ன சொன்னவ? என்ர பேச்சைப் பற்றித்தானே?"

"இல்லை. நான் பூ வைக்கிறதை உன்ர அப்பா எப்பவாவது பார்த்தவரோ எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"இல்லை எண்டு."

"ஏன் பொய் சொல்லுறாய்?" தலைவர் போனை நீட்டினார். திரையில் வெள்ளி ரிப்பன் பளபளத்தது. "இஞ்ச பார்! அப்பா பார்த்தவர், படமும் எடுத்தவர் எண்டு அவவுக்கு அனுப்பிவிடு."

மேனுஷா படத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"இது இம்மாகுலேற் அன்ரி வைச்சது, அப்பா. நான் வைக்கேக்க நீங்கள் எனக்குப் பக்கத்திலதான் நிண்டனீங்கள். அங்கால திரும்பி, சவுண்ட்காரனுக்குப் பொன்னாடை போத்திக்கொண்டு."