உஷ் மாமாவும் கணவாய்க் காற்றும்

எங்கள் ஊர் எருத்தேன்பதியில் காற்றின்மேல் சொந்தப் பகை வைத்திருந்த ஒரே மனிதர் உஷ் மாமாதான். கணவாய் வழியாக வரும் காற்று மற்றவர்களுக்கு ஓட்டைப் பிரிக்கும், வாழையைச் சாய்க்கும். மாமாவுக்கு மட்டும் டேப்பைக் கெடுக்கும்.

எனக்கு மாமன் முறை. எழுபதுகளில் கோயம்புத்தூரிலிருந்து பழைய பிலிம் கேமரா ஒன்றும் டேப் ரிக்கார்டர் ஒன்றும் வாங்கி வந்தார். கேமராவில் பேச்சு பதியாது. சத்தத்தைத் தனியாக டேப்பில் பிடித்து, படம் காட்டும்போது இரண்டையும் சேர்த்து ஓட விடுவார். கேமராவை அகப்பட்டவன் கையில் திணித்துவிடுவார்.

"படம் எந்தக் கழுதை வேணும்னாலும் புடிக்கும் மாப்ளே. சத்தந்தான் உசுரு!"

மைக்கைத் தூக்கியதும் எல்லோரையும் "உஷ்!" என்று அதட்டுவார்; பெயர் அப்படி வந்தது. பம்பு செட்டை நிறுத்தச் சொல்லித் தோட்டம் தோட்டமாக ஓடுவார். ரிக்கார்டரின் உறுமல் கேட்கக் கூடாதென்று அதைக் கம்பளியில் சுற்றி அண்டாவுக்குள் இறக்குவார். இத்தனை செய்தும், சொந்த மகளின் பூப்புச் சீர் அன்று பதிந்தது காற்று மட்டும்தான். ஊரே சிரித்தது.

அடுத்து என் கல்யாணம். "இந்தத் தடவையும் காத்து பூந்துச்சுன்னா மைக்கைக் கெணத்துல போட்டர்றேன்" என்று சபதம் போட்டார்.

வைகாசியில் எங்கள் வாசலிலேயே பந்தல். பெண் வீட்டார் பொள்ளாச்சிக்காரர்கள், கொஞ்சம் பவிசானவர்கள். தாலியைக் கையில் வாங்கியபோது தற்செயலாக மேலே பார்த்தேன். தலைக்கு நேர் மேலே, மூங்கில் கழியின் நுனியில் மைக். அதைச் சுற்றிக் கோடு போட்ட துணி, அதுவும் ஒட்டுப்போட்ட துணி. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பட்டாபட்டி அன்ட்ராயர்!

கத்தியிருக்கலாம். கத்தினால் பதிந்துவிடும். கழியின் மறுமுனையில் மாமா கண்ணை உருட்டி, உதட்டில் விரலை வைத்தார். மானம் தலைக்கு மேல் காற்றில் ஆட, மூன்று முடிச்சையும் போட்டேன்.

ஆடி விருந்துக்கு மாமனார் வீட்டுக்குப் போனால், மாமா புரொஜக்டரோடு அங்கே வந்து இறங்கிவிட்டார். கூடம் நிறையச் சொந்தபந்தம். சுவரில் கட்டிய வேட்டியில் படம் ஓடியது. அதில் நான் பெண்ணைப் பார்க்கவில்லை, தாலியைப் பார்க்கவில்லை, ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க மாப்ள, மேல அப்படி என்னத்தைப் பாக்கறீங்க?" என்றார் மாமனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டேப் பேசிவிட்டது. மேளம் ஓய்ந்த நொடியில் என் மனைவி மணவறையில் என் காதோடு கிசுகிசுத்தது, கணீரென்று கூடம் முழுக்கக் கேட்டது.

"அது உங்களோடதுங்களா?"

அதைவிடத் தெளிவாக என் குரல்: "ம்."

எங்கள் தாம்பத்தியத்தின் முதல் பேச்சே அதுதான். கேமரா பிடித்த புண்ணியவான் வேறு அந்த நேரம் பார்த்து மேலே திருப்பியிருந்தான். ஒட்டு, திரை நிறையத் தெரிந்தது. மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

மாமா எழுந்து நின்று விளக்கம் சொன்னார். "சிரிக்காதீங்க. பட்டு சரசரங்கும், துண்டு பேச்சை முழுங்கிரும். தொவச்சுத் தொவச்சு நைஞ்ச துணிதான் காத்தை நிறுத்தும். கட்டறதுக்கு நாடாவும் அதுலயே இருக்குதுங்களே!"

எனக்கோ பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. புரொஜக்டரை அணைத்த பிறகு மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, காத்து கேட்டுச்சா?"

திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க மாமா. ஒரு பொட்டுக்கூடக் கேக்கலீங்க."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிலிம் எப்போதோ பூஞ்சணம் பிடித்துப் போனது. என் மானம் பிழைத்தது. மாமாவும் போய்விட்டார். டேப் மட்டும் இன்னும் ஓடுகிறது. ஊர்க் குரலெல்லாம் பதிந்திருக்கும் அதில் அவர் குரல் என்று இருப்பது, தொடக்கத்தில் வரும் ஒரே ஒரு "உஷ்!" தான். அதைக் கேட்டதும் நானும் என் மனைவியும் இன்றைக்கும் வாயை மூடிக்கொள்கிறோம்.