கைராசி ரோஜா

கணக்கு வாத்தியார் ரோஜாச் செடியைச் சுண்டிப் பார்த்தார். சுள்ளி மாதிரி சத்தம் கேட்டது. ஊருக்குப் போன மனைவி சாயங்காலம் வந்துவிடுவாள்.

வருஷா வருஷம் நடப்பதுதான். அவள் அக்கா வீட்டுக்குப் போனால் இங்கே மஞ்சள் ரோஜா வாடிவிடும். திரும்பி வந்ததும் தொட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைப்பாள். மறுநாள் காலையில் பூவும் மொட்டுமாக நிற்கும். "எல்லாம் என் கைராசி" என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்வாள். இந்தத் தடவை வாத்தியாருக்கு ரோஷம் வந்து, "செடி வாடினா இனிமே தோட்டத்துப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று சவால் விட்டிருந்தார். அந்த ரோஷத்திலேயே மூன்று வேளையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். வேர் அழுகிவிட்டது.

அன்றைக்கே கொண்டுவந்து தருகிற கடை ஒன்றைக் கைபேசியில் தேடிப் பிடித்து ஆர்டர் கொடுத்தார். வந்தது சிவப்பு ரோஜா. உடனே கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"மஞ்சள்ல கேட்டேனேய்யா!"

"அதே ரோஜாதான் சார். கலர் மட்டும்தான் வேற."

"கலருக்காகத்தானேய்யா வாங்கறேன்!"

"கோவிச்சுக்காதீங்க சார். மஞ்சள்தான் வேணும்னா சாமந்தி இருக்கு, அனுப்பவா?"

முழுகுகிறவனுக்கு எந்தக் கட்டையானால் என்ன? அனுப்பச் சொன்னார். வந்த சாமந்தி முழங்கால் உயரம்கூட இல்லை. பூக்களைப் பறித்துப் பட்டுப்போன ரோஜாக் கிளைகளில் தையல் நூலால் கட்டினார். முள் குத்தியது. சிவப்பு ரோஜாவை ஒளித்துவைக்கப் போய் வழுக்கி விழுந்தார். சட்டையெல்லாம் சேறு.

மனைவி பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குத்தான் வந்தாள்.

"என்னங்க, ரோஜா ஏன் சாமந்தி மாதிரி இருக்கு?"

"வெயில் பாரு... கொஞ்சம் விரிஞ்சிடுச்சு."

அவள் ஒரு பூவைத் தொட்டாள். நூலோடு கையில் வந்தது. வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திட்டு விழவில்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. "இதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு? பின்பக்கம் தூக்கி வெச்சிடுங்க. காலையில என் கைராசியைப் பாருங்க."

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. இவ்வளவு நல்ல மனசுக்காரியிடம் எதற்கு வீம்பு? கைராசி அவளுக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

"பெட்டியை எடுத்துட்டு வரேம்மா" என்று வாசலுக்கு ஓடினார்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி வண்டி நின்றது. டிரைவர் அவருடைய சேற்றுச் சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தோட்டக்காரரே, அம்மா வந்தாச்சா? வருஷா வருஷம் நான் கொண்டு வருவேனே, அந்த மஞ்சள் ரோஜா... வாத்தியார் கண்ணுல படாம பின்பக்கம் கொண்டுபோய் வெச்சிடுங்க."