லிஃப்ட் குழியில் விழுந்த ராஜா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

காலை ஒன்பது பதினேழுக்குத் தங்கள் செய்தி வந்தது. தங்கள் முட்டிவலியும், அதன் புலம்பலைக் கேட்கும் அத்தையும் நலமென நம்புகிறேன். எங்களிடம் தாங்கள் கொடுத்துவைத்த முடிசூட்டு விழா வெள்ளி நாணயத்தைச் சுத்தம் செய்ய ஆள் கிடைத்துவிட்டதாகவும், மறைந்த தங்கள் மகள் அதிலுள்ள ராஜாவின் முகத்தில் பதித்த கட்டைவிரல் கறையை அவர் நொடியில் எடுத்துவிடுவார் என்றும், உடனே அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். அப்போதே கிளம்பினேன்.

கறை வந்த கதை உங்களுக்கு மறந்திருக்காது. கையுறை இல்லாம தொடாதேன்னு நீங்க ஃபோன்ல கத்திக்கிட்டு இருக்கும்போதே டப்பியைத் திறந்து, "இந்த ராஜா மூக்கு அச்சு அசல் அப்பா மூக்கு"ன்னு ஒரு அழுத்து அழுத்தினா. அப்புறம் ஒரு வாரம் ரெண்டு பேருக்கும் பேச்சில்ல, நடுவுல தூது போய் நான்தான் அல்லாடினேன். இருக்கட்டும். கூரியர்க்காரர் "உள்ள என்ன சார்?"னார், "ராஜா"ன்னேன், "உயிருள்ளதெல்லாம் எடுக்கிறதில்ல சார்"னுட்டார், விளக்கிச் சொன்னதும் அடையாள அட்டை கேட்டார், அதை எடுக்க வீட்டுக்கு வந்தா லிஃப்ட் வாசல்ல கவர் கிழிஞ்சு ராஜா கதவிடுக்கு வழியா குழிக்குள்ள இறங்கிட்டார். மெக்கானிக் வந்து துழாவினதுல மூணு சாவி, ஒரு கரண்டி, ஒரு பல்செட் கிடைச்சது. பல்செட்டுக்குச் சொந்தக்காரர் மாடியிலிருந்து பொக்கைவாயோட ஓடி வந்தார். ராஜா மட்டும் கிடைக்கல. லிஃப்ட் நின்னுபோச்சு, மொத்தக் குடியிருப்பும் படியேறிக்கிட்டே என்னை வாழ்த்துது. ஆகவே நாணயம் போனது போனதுதான் மாமா.

அத்தைகிட்ட நான் வேளாவேளைக்குச் சாப்பிடுறேன்னு சொல்லுங்க. இருவர் பாதங்களையும் மானசீகமாகத் தொடும்,
மாப்பிள்ளை.

பின்குறிப்பு: பல்செட் மட்டும் நிஜம், அது போன மாசம் கிடைச்சது. லிஃப்ட் நல்லா ஓடுது. சாப்பாடும் பொய்தான். நாணயம் என் மேஜைமேல இருக்கு. கூரியர் கடை வரைக்கும் போனேன், கவரைக் கை விடல. அவ போனதும் ஒத்தாசைக்கு வந்த சொந்தக்காரங்க கண்ணாடி, ஃப்ரிட்ஜ் கதவு, சுவிட்சுன்னு ஒண்ணு விடாம பளபளன்னு துடைச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க. அவ விரல் பட்டது பட்டபடி மிச்சம் இருக்கிறது அந்த ராஜா மூக்குலதான். வேலையிடத்துல கருவிகளைச் சோதிக்கிற லென்ஸ்ல வச்சுப் பார்த்தேன், ஒவ்வொரு ரேகையும் கறுத்து வெள்ளியில ஊறியிருக்கு. நீங்களும் நேர்ல வந்து பாருங்க மாமா, லென்ஸ் தர்றேன். பார்த்தப்புறமும் துடைக்கணும்னு தோணினா நீங்களே எடுத்துட்டுப் போங்க. ஃபோன்ல மட்டும் கேட்காதீங்க, உங்க குரலைக் கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன். அதான் ஃபோனை அணைச்சு வச்சுட்டேன்.