காஞ்சிபுரத்தை வறண்ட பெட்டியில் போட்டவன்

மழையைப் பற்றிப் படித்தவனிடம் மட்டும் மழை வருமா என்று கேட்கக் கூடாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் மாமனார் தெருவே இப்படித்தான் சொல்கிறது. காரணம் நான்தான்.

எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ஊர் ஊராக எழுதி வைத்த பழைய மழைக் கணக்கை அட்டைகளில் துளையிட்டு, ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு ஊட்டுவோம். இனி வரும் வருஷங்களில் எந்தப் பகுதியில் பேய்மழை கொட்டும் என்று அது சொல்லும். கடலோரத்துக்கு ஒரு பெட்டி, உள்நாட்டு வறண்ட சீமைக்கு ஒரு பெட்டி. காஞ்சிபுரம் அட்டைகள் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. காஞ்சிபுரத்தில் கடல் ஏது? கடலிலிருந்து வரும் ஐப்பசி மழை அங்கேயும் கொட்டும் என்பதை மறந்து வறண்ட பெட்டியில் போட்டேன். (எம்.எஸ்சி., முதல் வகுப்பு!)

அந்த ஐப்பசியில் எனக்கும் சரோஜாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருந்தது. முகூர்த்தப் புடவையை அவள் அப்பாவே நெய்வதாக ஏற்பாடு. பாவு என்கிற நீளவாட்டுப் பட்டு இழைகளைத் தெருவில் நீட்டி, கஞ்சி தடவிக் காயவைத்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். நடுவில் மழை பிடித்தால் எல்லாம் போச்சு. ஒரு வியாழக்கிழமை காலை பாவு நீட்டியிருந்தார்கள். நான் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு சரோஜாவைப் பார்க்கப் போயிருந்தேன், கையில் கம்ப்யூட்டர் தாளோடு.

மாமனார் கிழக்கு வானத்தைப் பார்த்தார். "கீழண்ட கருத்துக்கினு வருது மாப்ள. சுருட்டிடலாமா?"

சரோஜா ஜன்னலில் நின்றிருந்தாள். நான் தாளை விரித்தேன். "வேணாம் மாமா. பேய்மழைக்கு வாய்ப்பே இல்ல. பூஜ்ஜியம்னு மிஷினே சொல்லுது."

"மிஷினுக்கு இந்த மேகம் தெரியுமாப்பா?" என்றார் பாவைப் பிடித்திருந்த எதிர்வீட்டுக்காரர்.

"எல்லாம் தெரியும்" என்றேன். (பல வருஷத்துக் கணக்கைச் சொல்லும் தாளை ஒரு வியாழக்கிழமைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது எனக்கே அப்போது தெரியாது.)

சுருட்டப் போன கையை மாமனார் இழுத்துக்கொண்டார். படித்த மாப்பிள்ளை ஆயிற்றே.

கால் மணி நேரத்தில் வானம் பொத்துக்கொண்டது. பத்துப் பேர் ஓடிவந்து இழுத்தும் பாதிப் பாவு சேற்றில் விழுந்தது. அரக்குச் சிவப்புப் பட்டு கயிறாகத் திரண்டு கிடந்தது. என் கையிலிருந்த தாளில் பூஜ்ஜியம் மட்டும் அழியாமல் இருந்தது.

மாமனார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "உள்ள வாங்க மாப்ள, நனையாதீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் செத்துப்போனேன்.

வேறு பாவு போட நாள் இல்லை. நெசவாளி வீட்டுப் பெண், பெரியம்மா மகளுடைய பழைய புடவையில் மணவறையில் உட்கார்ந்தாள். வந்தவர்களெல்லாம் என்ன ஏதென்று கேட்டார்கள். "மழைங்க" என்று மட்டும் சொன்னாள், என்னைக் காட்டிக்கொடுக்காமல். தாலி கட்டும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பல வருஷம் கழித்து எங்கள் மகள் கல்யாணத்துக்கு மாமனார் மறுபடி பாவு நீட்டினார். தெருவே கூடியிருந்தது.

"மாப்ள, இன்னைக்கு மழை வருமா?"

"வரும் மாமா. நிச்சயமா வரும்."

அவர் தெருப் பக்கம் திரும்பினார். "மாப்ளையே சொல்ட்டாருபா. தைரியமா நீட்டுங்க!"

அன்று ஒரு சொட்டு விழவில்லை.