ஒரு தெத்துப்பல்லும் ஒரு வெள்ளைக் கோட்டும்

என் மனைவியின் வாயை இனி எந்த ஆண்பிள்ளையும் எட்டிப் பார்க்கக் கூடாது. இப்படி ஒரு தீர்மானத்தை என் தையல் கடையில், மேஜையில் கத்தரியைத் தட்டி, நானே கொண்டுவந்து நானே நிறைவேற்றினேன். எதிர்த்து ஓட்டுப் போட ஆள் இல்லை. ஓட்டுப் போட வேண்டியவள் அப்போது எதிர் மாடியில் பல் டாக்டரிடம் இருந்தாள்.

டாக்டர் புதிதாக வந்தவர். நான் துணி வெட்டும் இடத்திலிருந்து நிமிர்ந்தால் அவருடைய ஜன்னல். அதில் பாதி வரைக்கும் திரை. திரைக்கு மேலே டாக்டரின் தலை மட்டும் தெரியும். அது ஆடும், சாயும், சிரிக்கும். கீழே என்ன நடக்கிறது என்பதை நானாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். நினைப்பதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

விஷயம் இதுதான். என் மனைவிக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். முளைக்கும்போது இடம் போதாமல் பக்கத்துப் பல்லின் தோள்மேல் ஏறி நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால், நான் கையைக் குட்டையாகத் தைத்துவிட்ட ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னோடு சண்டை போடக் கடைக்கு வந்தாள். வந்தவள் என் முழியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தப் பல்லும் சேர்ந்து சிரித்தது. நான் அங்கேயே காலி. அந்தப் பல்லுக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன். மற்ற பற்கள் கூடவே வந்தன.

என் வாயின் வரலாறு வேறு. சின்ன வயதிலிருந்து நூலைப் பல்லால் கடித்தே பழக்கம். முன்பல்லின் நுனியில் நூல் போய் உட்காருகிற அளவுக்கு ஒரு வெட்டு விழுந்துவிட்டது. அது எனக்குப் பெருமை. சில வருஷமாக அந்த இடத்தில் தண்ணீர் பட்டாலே உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்றது. ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன். டாக்டரிடம் போங்க, போங்க என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு ஊசி பயமில்லை, தினமும் கையாளுகிறவன். ஊசி வேறொருத்தன் கையில் இருந்தால்தான் பயம்.

அதனால் அவளே போக ஆரம்பித்தாள். பவுடர் போட்டுக்கொண்டு போவாள், முகம் மலர்ந்து வருவாள், கடையில் சட்டைகளுக்குப் பட்டன் கட்டிக்கொண்டே டாக்டர் புராணம் படிப்பாள்.

"சில பேருக்குப் பொறக்கும்போதே சில பல்லுக்கு விதையே இருக்காதாம், தெரியுமா? சில பேருக்கு ஒண்ணு கூடுதலா முளைக்குமாம். ரெண்டு பல்லு ஒட்டி ஒண்ணா வர்றதும் உண்டாம்."

"இதெல்லாம் அவன் எதுக்கு உங்கிட்ட சொல்றான்?"

"அவர்னு சொல்லுங்க. பொறுமையா எவ்வளவு நேரம் பேசறாரு. கை அப்படியே பஞ்சு."

பஞ்சு என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல்வலியும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வயிறு எரிந்ததுதான் முக்கியக் காரணம்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவள் சாதாரணமாகச் சொன்னாள், தெத்துப்பல்லைக் கம்பி போட்டு இழுத்து வரிசையில் நிறுத்திவிடலாமாம். வாயில் இருந்த குண்டூசியை விழுங்கியிருப்பேன். அது என் பல். அவள் வாயில் இருக்கிறதே தவிர, என் பல். அதை நேற்று வந்த ஒருத்தன் பஞ்சுக் கையால் பிடித்து இழுப்பதா?

வேண்டாம், வலிக்கும் என்றேன். அதற்கு அவள், வலி தனக்குத்தானே என்றாள். அந்தப் படியையே மிதிக்காத உங்களுக்கு வலிக்கும் என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுப் பட்டுச் சுரீர் என்றது. மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் டாக்டருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டும் என்று ஆர்டர் வந்தது. அதையும் அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அளவு கொடுக்க வந்து நின்றார். என்ன தோள், என்ன மார்பு. சிரித்தால் வரிசை வைத்து அடுக்கின மாதிரி பல். ஒன்றாவது கோணலாக இருக்கக் கூடாதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. டேப்பை அவர் கழுத்தில் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தேன்.

அப்போதுதான் யோசனை பளிச்சென்று வந்தது. கோட்டை ஒழுங்காகவே வெட்டினேன், துணியைக் கெடுக்க மனசு வருமா? ஆனால் இரண்டு பக்கமும் அக்குளுக்கு அடியில் உள்ளுக்குள் ஒரு தையல் கூடுதலாகப் போட்டு இறுக்கினேன். கையைத் தொங்கவிட்டால் கனவான். தூக்கினால் கைதி. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் யார் வாய்க்கும் கையைக் கொண்டுபோக முடியாது. பட்டன் கட்ட மனைவியிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள், மடித்துப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கட்டிக் கொடுத்தாள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

மறுநாள் சாயங்காலம் அவள் கோட்டுப் பொட்டலத்தோடு கிளம்பினாள். இன்றைக்குத்தான் கம்பி கட்டுகிறாராம். நானும் வருகிறேன் என்றேன். அந்த மருந்து வாசனையே உங்களுக்கு ஆகாதே, எதற்கு வீண் சிரமம் என்றாள். அதைக் கேட்டதும் சந்தேகம் இரண்டு மடங்காகி, அவளுக்கு முன்னால் படியேறினேன்.

டாக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டார். பிரமாதம் என்றார். கையைத் தொங்கவிட்டபடிதான் சொன்னார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்று அந்தச் சாய்வு நாற்காலியைக் காட்டினார். மனைவி ஓரடி எடுத்து வைத்தாள். அவ்வளவுதான். எனக்குள் ஏதோ அறுந்தது. பாய்ந்துபோய் நாற்காலியில் விழுந்தேன்.

"முதல்ல என் பல்லைப் பாருங்க டாக்டர். ரொம்ப நாளா வலி."

என் கணக்கு, என்னோடு மல்லுக்கட்டியே அவருக்குப் பொழுது போய்விட வேண்டும், தெத்துப்பல் தப்பிவிட வேண்டும் என்பது. அந்தக் கோட்டைத் தைத்தவன் நான் என்பதை அந்த ஆவேசத்தில் மறந்தே போனேன்.

வாயைத் திறந்ததும் ஞாபகம் வந்தது. சின்னக் கண்ணாடியோடு கிளம்பிய அவர் கை பாதி வழியில் நின்றது. தோளை ஒரு குலுக்குக் குலுக்கினார். கண்ணாடி வந்து நேராக என் முன்பல்லில் இடித்தது. சொர்க்கமும் நரகமும் சேர்ந்து தெரிந்தன.

"புதுக் கோட்டு பாருங்க, கொஞ்சம் பிடிக்குது. பழகிடும்" என்று சொல்லிக்கொண்டே மரத்துப்போகச் செய்கிற ஊசியை எடுத்தார். அது மேலே வந்தது. நின்றது. நடுங்கியது. கோட்டைக் கழற்றுங்கள் என்று கத்தினேன். வாய் திறந்திருந்ததால் வெறும் ஓவும் ஆவும்தான் வெளியே வந்தன. பயப்படுகிறார் போல, பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

மனைவி பக்கத்தில் வந்தாள். கைப்பையிலிருந்து என்னுடைய சின்னக் கத்தரியை எடுத்தாள்.

"டாக்டர், கையைக் கொஞ்சம் விரிங்க."

அந்தப் பக்கம் நறுக். இந்தப் பக்கம் நறுக். நூலை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தாள். "பட்டன் கட்டும்போதே பார்த்துட்டேன். நீங்க இந்த நாற்காலில உட்கார்ற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுவச்சேன்" என்றாள்.

டாக்டரின் கை விடுதலையாகி வந்தது. நிஜமாகவே பஞ்சு. நூல் கடித்த வெட்டிலிருந்து பல் மேலே வரைக்கும் விரிசல் விட்டிருக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதிப் பல் நூலோடு வந்திருக்குமாம். பின்னால் ஒரு பால்பல் விழாமலே தங்கி என்னோடு குடித்தனம் நடத்துகிறதாம். எல்லாவற்றையும் செய்து முடித்து, வாயை மூடவிட்டதும், மரத்த உதட்டோடு கேட்டேன். "அவ பல்லுக்குக் கம்பி?"

"அவங்களுக்கா? அவங்க வாயை நான் பார்த்ததே இல்லையே. வர்றப்போவெல்லாம் உங்க பல்லைப் பத்திதான் பேசுவாங்க. உங்களை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னுதான் எங்களுக்குள்ள யோசனை."

மனைவி சிரித்தாள். தெத்துப்பல் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. கோபப்படலாம் என்று பார்த்தேன், அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே கோபப்பட எனக்கு எப்போதுமே வராது.

இப்போது வெட்டு அடைபட்டுவிட்டது. நூலைக் கடிக்கக் கூடாது என்று கண்டிப்பு. கழுத்தில் டேப்போடு ஒரு கத்தரியும் தொங்குகிறது. பழக்க தோஷத்தில் எப்போதாவது நூலை வாய்க்குக் கொண்டுபோகிறேன். உடனே எதிர் ஜன்னலில் டாக்டரின் தலை நிமிர்கிறது. திரையைக் கழற்றச் சொன்னது என் மனைவி.